பழைய எஸ்யூவி ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும்: வீட்லயே புதுப்பிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்டி நேரா போக மாட்டேங்குது, ஸ்டியரிங்க சும்மா திருத்திக்கிட்டே இருக்கணும், பள்ளத்துல இறங்குனா கீழ இருந்து டக்கு டக்குனு சத்தம், பிரேக் புடிச்சா மூக்கு அப்படியே முங்குது. பத்து பதினஞ்சு வருஷம் ஓடுன எஸ்யூவி வச்சிருக்கிறவங்க இதுல ஏதாவது ஒண்ணு சொல்லாம இருக்க மாட்டாங்க. உடனே கிடைக்கிற பதில், முழு கிட்டா வாங்கி மொத்தத்தையும் மாத்திடுங்கன்னு. மாத்தலாம் தான், ஆனா அப்படி மாத்துனா எந்த பார்ட்டால சரியாச்சுன்னு தெரியாது, சத்தம் போகலன்னா அடுத்து எங்க தேடுறதுன்னும் தெரியாது. அதனால முதல்ல ஆட்டம் எங்க இருக்குன்னு கை வச்சு கண்டுபிடிக்கணும், அப்புறம் தான் ஸ்பேனர எடுக்கணும்.

இன்னொண்ணு, கிலோமீட்டர் கம்மியா ஓடியிருக்கு அதனால புஷ் (இரும்பு பாகங்க சேர்ற இடத்துல இருக்கிற ரப்பர் உருளை) எல்லாம் நல்லா இருக்கும்னு நினைக்காதீங்க. ரப்பர் ஓடாம நின்னாலும் வயசாகும், வெயில்லயும் ஆயில் பட்டும் இறுகி வெடிக்கும். ஷெட்ல நின்ன வண்டில புஷ் எல்லாம் பிஞ்சு கிடக்குறது சாதாரணம்.

முதல்ல உங்க வண்டி எந்த ரகம்னு பாருங்க

கீழ குனிஞ்சு பாத்தா தெரிஞ்சிடும். முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஒரே கனமான ஆக்சில் சேத்துப் பிடிச்சிருந்தா அது சாலிட் ஆக்சில், ஜீப் ரேங்க்லர், லேண்ட் க்ரூசர் 80 சீரிஸ், நிஸான் பேட்ரோல் (Y61 வரைக்கும்) எல்லாம் இந்த ரகம். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி ஆர்ம்ல தொங்குனா இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அதுல காயில் ஸ்ப்ரிங் இருக்கலாம், இல்ல லேண்ட் க்ரூசர் 100 சீரிஸ் மாதிரி நீளமா சேசிஸ் ஓரமா போற டார்ஷன் பார் (முறுக்கிக்கிட்டு ஸ்ப்ரிங் வேலைய செய்ற கம்பி) இருக்கலாம். ஸ்டியரிங்கும் ரெண்டு வகை. ஒண்ணு ரேக், ரெண்டு பக்கமும் ரப்பர் பூட் போட்ட நீளக் குழாய். இன்னொண்ணு சேசிஸ்ல போல்ட் பண்ண ஸ்டியரிங் பாக்ஸ், அதுல இருந்து பிட்மேன் ஆர்ம் (பாக்ஸ் திருப்புற கை), அது தள்ளுற டிராக் லிங்க் இல்லன்னா சென்டர் லிங்க்ங்கிற கம்பி, பல வண்டில மறுபக்கம் அதத் தாங்குற ஐட்லர் ஆர்ம், அப்புறம் சக்கரத்த திருப்புற கம்பியான டை ராடுன்னு ஜாயின்ட் மேல ஜாயின்டா போகும். இந்த ரெண்டாவது வகைல ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கொஞ்சம் கொஞ்சம் தேஞ்சாலே எல்லாம் கூடி ஸ்டியரிங்ல பெரிய ஆட்டமா வந்து நிக்கும், எந்த ஒண்ணையும் தனியா பாத்தா பெருசா தெரியாது, அது தான் இதுல தலைவலி.

உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல் கையில இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க. எந்த நட்டுக்கு எவ்வளவு டார்க்னு (இறுக்குற அளவு) நான் இங்க நம்பர் குடுத்தா அது உங்க வண்டிக்கு தப்பா இருக்கும்.

டயர பாக்காம வண்டியத் தூக்காதீங்க

காத்து சரியா அடிச்சு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, பாதி பேருக்கு இங்கயே பிரச்சனை குறைஞ்சிடும். அப்புறம் டயர் தேய்மானத்த கையால தடவுங்க. ஒரு திசைல தடவுனா வழுவழுன்னும் எதிர்த்திசைல தடவுனா சொரசொரன்னும் இருந்தா டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்கிற அளவு) தப்பா இருக்கு. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா கேம்பரும் (முன்ன இருந்து பாத்தா சக்கரம் சாஞ்சு நிக்கிற அளவு) டோவும் பாக்கணும். அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா ஷாக் (ஷாக் அப்சார்பர்) போயிருக்கும், இல்ல பேலன்ஸ் இல்ல. வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னா முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டுப் பாருங்க (ஒரே திசைல மட்டும் சுத்துற டயருக்கு இது ஆகாது), இழுப்பும் பக்கம் மாறுச்சுன்னா டயர் தான் காரணம், சஸ்பென்ஷன திட்ட வேண்டியதில்ல. இழுக்குற பக்கத்து ரிம்ம ஓட்டி முடிச்ச உடனே கிட்ட கை வச்சுப் பாருங்க, மத்ததவிட அதிகமா சூடா இருந்தா பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது.

ஆட்டத்த எப்படி கண்டுபிடிக்கிறது

சமதளமான கான்கிரீட் தரை, பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை, சேசிஸ்க்கு அடியில வண்டி வெயிட்ட தாங்குற ஸ்டாண்ட். ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும் தான், ஜாக்கில மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில ஒரு நிமிஷம் கூட போகக் கூடாது, கழட்டுன சக்கரத்த கூட சேசிஸ்க்கு அடியில தள்ளி வச்சிடுங்க. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் நம்பாதீங்க, அது விரிசல் விட்டு எச்சரிக்கை குடுக்காது, ஒரே அடியா நொறுங்கும்.

முதல் டெஸ்ட்டுக்கு வண்டி தரைலயே நிக்கட்டும், சக்கரம் நாலும் தரைல. கியர் நியூட்ரல்ல, இல்லன்னா பார்க்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சின ஓட விட்டு ஒருத்தர் உள்ள உக்காந்து ஸ்டியரிங்க இடம் வலமா ஒரு கால் சுத்து கூட வேண்டாம், கொஞ்சமா ஆட்டிக்கிட்டே இருக்கணும். நீங்க வெளிய இருந்து பேன், பெல்ட் பக்கம் கை போகாம ஒவ்வொரு ஜாயின்ட்டா விரல வச்சு பாருங்க. ஒரு பாதி நகர்ந்து மறு பாதி லேட்டா நகர்ந்தா அந்த ஜாயின்ட் போச்சு, கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூட விரலுக்குத் தெரியும். இதே நேரத்துல ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸ்ல அசையுதான்னும் பாருங்க, போல்ட் லூஸ், இல்ல சேசிஸ்லயே விரிசல்னு சில நேரம் மாட்டும். ஸ்டியரிங் காலத்துல இருந்து பாக்ஸுக்கு வர்ற இடையில உள்ள ஷாஃப்டோட யூ ஜாயின்ட்டையும் விட்டுடாதீங்க, நிறைய பேர் கீழ இருக்கிற எல்லாத்தையும் மாத்திட்டு இத பாக்காம விட்டிருப்பாங்க.

ரெண்டாவது, சக்கரத்த தூக்கி ஆட்டுறது. கடிகாரத்துல 9, 3 இருக்கிற இடத்துல புடிச்சு ஆட்டுனா ஆட்டம் வந்தா டை ராடு எண்ட் பக்கம் பாருங்க. 12, 6ல புடிச்சு ஆட்டுனா வந்தா பால் ஜாயின்ட் (ஆர்மையும் சக்கரத்த தாங்குற பாகத்தையும் சேக்குற உருண்டை மூட்டு), இல்லன்னா வீல் பேரிங். ரெண்டுல எதுன்னு பிரிக்க ஒரு சுலபமான வழி, உள்ள இருக்கிறவர பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் காணாம போச்சுன்னா பேரிங், அப்படியே இருந்தா பால் ஜாயின்ட்.

ஆனா பால் ஜாயின்ட் செக் பண்ணும்போது எங்க ஜாக்கி வைக்கிறோம்ங்கிறது முக்கியம். ஸ்ப்ரிங்கோ டார்ஷன் பாரோ லோயர் ஆர்ம் மேல வேலை செய்ற வண்டில சேசிஸ்ல தூக்குனா அந்த ஸ்ப்ரிங் ஆர்ம கீழ அழுத்தி பால் ஜாயின்ட இறுக்கிப் புடிச்சு வச்சிருக்கும், முழுசா தேஞ்ச ஜாயின்ட் கூட புதுசு மாதிரி தெரியும். அதுனால லோயர் ஆர்ம் அடியில, சக்கரத்துக்கு எவ்வளவு பக்கமா முடியுமோ அங்க ஜாக்கி வச்சு தூக்குங்க, அப்போ தான் ஜாயின்ட் மேல இருந்த பாரம் போகும். அப்புறம் டயருக்கு அடியில ஒரு நீளக் கம்பிய விட்டு நெம்புங்க. சில வண்டில பாரம் அப்பர் ஆர்ம் மேல வரும், அதுக்கு முறை வேற, மேனுவல் பாருங்க.

ஆர்ம் புஷ்ஷுக்கு கம்பி விட்டு லேசா நெம்பிப் பாக்கணும். ரப்பர் இல்லையா, கொஞ்சம் அசையத் தான் செய்யும். ரப்பர் இரும்ப விட்டு பிரிஞ்சிருந்தா, நடுவுல இருக்கிற ஸ்லீவ் ஒரு பக்கமா தள்ளி நின்னா, அப்போ தான் மாத்தணும். மேலோட்டமா சின்ன வெடிப்பு மட்டும்னா கவலைப்படாதீங்க. ஷாக்குக்கு பம்பர அமுக்கிப் பாக்குற டெஸ்ட் எஸ்யூவில பெருசா உதவாது, ஸ்ப்ரிங்கே கல்லு மாதிரி இருக்கும். ஷாக் உடம்புல ஆயில் வழிஞ்சு தூசி ஒட்டியிருக்கா, புஷ் ஓவலா போயிருக்கா, கழட்டி கையால இழுத்தா நடுவுல எதிர்ப்பே இல்லாம போகுதா, இத பாருங்க.

எதுல ஆரம்பிக்கிறது

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஸ்டெபிலைசர் பார் (வளைவுல வண்டி சாயுறத குறைக்கிற கம்பி) லிங்க், புஷ்ல ஆரம்பிங்க. செலவு கம்மி, சக்கரத்தோட அலைன்மென்ட் மாறாது, தப்பா போனாலும் சரி பண்ணிக்கலாம், கீழ இருந்து வர்ற டக்கு டக்கு சத்தத்துல நிறைய இங்க இருந்து தான் வரும். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல இருக்கும்போது கழட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் தூக்குனா பார் முறுக்கிக்கிட்டு போல்ட வெளிய விடாது.

வேலைக்கு முந்தின நாளே எல்லா நட்டையும் வயர் பிரஷ்ல தேச்சு துரு விடுற ஆயில் அடிச்சு விடுங்க, மறுநாள் காலைல ஒரு தடவ. இத சோம்பேறித்தனத்துல விட்டா மறுநாள் பாதி நேரம் உடைஞ்ச போல்ட்டோட போயிடும். நெருப்பு காட்டுறதுன்னா பக்கத்துல ரப்பர், பிரேக் ஹோஸ், டீசல் லைன் எதுவும் இல்லாத இடத்துல மட்டும். ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் பிரிங்க, எது எப்படி இருந்துச்சுன்னு சந்தேகம் வந்தா மறுபக்கம் பாத்துக்கலாம். ஆனா மாத்தும்போது ரெண்டு பக்கமும் மாத்துங்க, ஷாக்க ஒரு பக்கம் மட்டும் புதுசா போடுறது எல்லாம் வேண்டாம்.

ஷாக்

பின்னாடி சாலிட் ஆக்சில் இருந்தா ஷாக்க கழட்டுறதுக்கு முன்னாடி ஆக்சிலுக்கு ஒரு ஜாக்கி முட்டுக் குடுங்க. சில வண்டில ஷாக் தான் ஆக்சில் கீழ போகாம நிறுத்தி வச்சிருக்கும், அது போனா ஆக்சில் தொங்கி பிரேக் ஹோஸ இழுக்கும், காயில் ஸ்ப்ரிங் இடம் விட்டு விழும். மேல நட்டு சுத்தும்போது ராடும் கூட சுத்தும், ராடு நுனில இருக்கிற தட்டைய ஸ்பேனர்ல புடிச்சுக்கணும், பளபளன்னு இருக்கிற ராட பிளையர்ல புடிச்சா கீறல் விழுந்து புது சீலே ஆயில் விடும். ட்வின் டியூப் ஷாக் (குழாய்க்குள்ள குழாய் இருக்கிற ரகம்) படுக்க வச்சு கிடந்திருந்தா மாட்டுறதுக்கு முன்னாடி நிமித்தி வச்சு முழுசா இழுத்து அமுக்கி நாலஞ்சு தடவ பம்ப் பண்ணுங்க, உள்ள தப்பான அறையில போன காத்து வெளிய வரும்.

ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேந்து ஒரே யூனிட்டா இருந்தா கதையே வேற. அதோட நடு நட்டை ஸ்ப்ரிங் கம்ப்ரசர் போடாம கழட்டினா ஸ்ப்ரிங் வெடிச்சு வந்து ஆள கொல்லும், மிகைப்படுத்தி சொல்லல. நல்ல கம்ப்ரசர் இல்லன்னா யூனிட்ட மட்டும் வண்டில இருந்து கழட்டிட்டு, ஸ்ப்ரிங் மாத்துற வேலைய ஒர்க் ஷாப்ல குடுத்து வாங்குங்க, அதுல வெக்கம் எதுவும் இல்ல.

டை ராடு எண்டும் பால் ஜாயின்டும்

ஸ்ப்ளிட் பின்ன (நட்டு கழண்டு வராம தடுக்குற ஊசி) இழுத்துட்டு நட்டை முழுசா கழட்டாம சில மரை விட்டு வைங்க, ஜாயின்ட் திடீர்னு விடுபட்டா அந்த நட்டு தாங்கிக்கும். கூம்பு மாதிரி இருக்கிற அந்த டேப்பர் இறுகி உக்காந்திருக்கும். நீங்க மாத்தப் போற ஜாயின்ட்டா இருந்தா நக்கிள்ல (சக்கரத்த தாங்குற இரும்பு பாகம்) அது நுழையுற கண்ணோட பக்கவாட்டுல சுத்தியல்ல பலமா ரெண்டு அடி அடிங்க, கண்ணு நொடிப் பொழுது நசுங்கி டேப்பர விடும். ஜாயின்ட் நுனில அடிச்சா மரை தான் நசுங்கும். ரெண்டு பல்லு இருக்கிற ஃபோர்க்க நடுவுல அடிச்சு ஏத்துறது வேகமா இருக்கும், ஆனா ரப்பர் பூட்ட கிழிச்சிடும், திரும்ப போடப்போற ஜாயின்டுக்கு அத பயன்படுத்தாதீங்க, புல்லர் தான் சரி.

டை ராடு எண்ட கழட்டுறதுக்கு முன்னாடி மரைல பெயிண்ட் மார்க் வச்சு, எத்தனை சுத்துல வெளிய வருதுன்னு எண்ணி எழுதிக்கோங்க, புதுச அதே அளவு உள்ள ஏத்துனா வண்டிய அலைன்மென்ட் வரைக்கும் கொண்டு போற அளவுக்கு கிட்டத்தட்ட சரியா வரும். பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு நீளத்த அளந்துக்கோங்க, கம்பெனி மாறுனா நீளம் மாறலாம், அப்போ எண்ணுனதெல்லாம் வீண். ஸ்லீவ் போட்ட டை ராடுல ஒரு பக்கம் இடது மரை இருக்கும், எந்தப் பக்கம் திருப்புறோம்னு யோசிச்சு திருப்புங்க.

மாட்டும்போது டேப்பர் ரெண்டு பக்கமும் சுத்தமா, காஞ்சு இருக்கணும், அங்க கிரீஸ் தடவக்கூடாது. நட்டை சொன்ன டார்க் வரைக்கும் இறுக்குங்க, அப்பவும் பின் ஓட்டை நேரா வரலன்னா அடுத்த வெட்டு வர்ற வரைக்கும் இன்னும் இறுக்கணும், ஓட்டைக்காக நட்டை பின்னால திருப்பவே கூடாது. ஸ்ப்ளிட் பின் எப்பவும் புதுசு. நைலான் வச்ச நட்டும் அப்படித்தான். பிரேக் கேலிப்பர கழட்டுனா கம்பில கட்டி தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்கக்கூடாது, ஏபிஎஸ் ஒயர் இழுபடாம பாத்துக்கோங்க.

டார்ஷன் பார் வண்டியா இருந்தா லோயர் ஆர்ம கழட்டுறதுக்கு முன்னாடி அட்ஜஸ்டர் போல்ட் எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குன்னு அளந்து எழுதிட்டு பார லூஸ் பண்ணணும், பார் ஆர்ம்லயும் அட்ஜஸ்டர்லயும் எப்படி உக்காந்திருக்குன்னும் மார்க் பண்ணுங்க, இடது வலது பார் மாறிடக்கூடாது. முறுக்கு இருக்கும்போது ஆர்ம பிரிச்சா அதுவும் ஸ்ப்ரிங் மாதிரியே ஆபத்து தான்.

ஆர்ம் புஷ், இங்க தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க

ரப்பர் புஷ் சுழலுற பொருள் இல்ல. நடு ஸ்லீவ் போல்டோட இறுகி அசையாம நிக்கும், வெளி ஷெல் ஆர்மோட போகும், நடுவுல இருக்கிற ரப்பர் முறுக்கிக் குடுக்குறது தான் ஆர்மோட அசைவே. இப்போ வண்டி ஸ்டாண்ட்ல இருக்கும்போது ஆர்ம் கீழ தொங்கிக்கிட்டு இருக்கு, அப்பவே போல்ட முழுசா இறுக்கிட்டீங்கன்னா ரப்பருக்கு அது தான் ஓய்வு நிலை, வண்டிய இறக்குனதும் ஒவ்வொரு நொடியும் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச மாசத்துல புது புஷ் கிழிஞ்சு, பார்ட் டூப்ளிகேட்டுன்னு கடைக்காரர திட்டுவோம். அதனால எல்லா புஷ் போல்டையும் கையளவு லூஸா மாட்டி, சக்கரம் போட்டு வண்டிய தரைல இறக்கி, முன்ன பின்ன கொஞ்சம் உருட்டி உக்கார விட்டு, வண்டியோட முழு வெயிட்டும் சக்கரத்துல நிக்கும்போது இறுக்கணும். லீஃப் ஸ்ப்ரிங் கண்ணு, அத சேசிஸோட சேக்குற ஷேக்கிள், பேன்ஹார்டு ராடு (ஆக்சில் பக்கவாட்டுல நகராம புடிக்கிற கம்பி), ட்ரெய்லிங் ஆர்ம் (ஆக்சில் முன்ன பின்ன நகராம புடிக்கிற ஆர்ம்), எல்லாத்துக்கும் இதே விதி. பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு மட்டும் இந்த கவலை பெருசா இல்ல, ஏன்னா அது ஸ்லீவ் மேல சுழலும், ஆனா அதுக்குன்னு இருக்கிற கிரீஸ் தடவலன்னா கீச்சு கீச்சுன்னு கத்தும், அதிர்வும் உள்ள அதிகமா வரும். தினசரி ஓட்டுற வண்டிக்கு நான் ரப்பர் தான் போடுவேன்.

புஷ்ஷ அமுக்கி எடுக்கிறது வீட்ல கஷ்டமான வேலை. தடிமனான மரை ராடு, சரியான அளவு கப், வாஷர் இருந்தா இழுத்து எடுக்கலாம். வராத ஷெல்ல ஹாக்சா பிளேடால உள்பக்கமா அறுத்து மடக்கி எடுக்கலாம், ஆர்மோட உள் சுவரு கீறாம. பால் ஜாயின்டும் புஷ்ஷும் சேத்துப் போட்ட முழு ஆர்மே கிடைக்குதுன்னா, அத வாங்குறது பல நேரத்துல புத்திசாலித்தனம்.

லோயர் ஆர்ம்ல கேம் போல்ட் இருந்தா, அதாவது தலைல கோடு போட்ட வட்டத் தகடு இருந்தா, அது தான் கேம்பரும் கேஸ்டரும் (பக்கத்துல இருந்து பாத்தா சக்கரம் திரும்புற அச்சு சாஞ்சிருக்கிற அளவு) அட்ஜஸ்ட் பண்றது. தொடுறதுக்கு முன்னாடி எங்க நிக்குதுன்னு உளியாலயோ பெயிண்டாலயோ மார்க் பண்ணுங்க. இந்த போல்ட் ஸ்லீவோட துருப்பிடிச்சு ஒட்டிப் போயிருக்கும், தலைய உடைக்குறதுக்கு முன்னாடி புது போல்ட் கையில வாங்கி வச்சிருக்கணும், இல்லன்னா வண்டி ஸ்டாண்ட்லயே நாள் கணக்கா நிக்கும்.

சாலிட் ஆக்சில் வச்சிருக்கிறவங்களுக்கு

ஒரு குழியில விழுந்த உடனே முன் பக்கம் மொத்தமும் வெறி புடிச்ச மாதிரி ஆடுற நடுக்கம் வந்தா உடனே ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்த அடக்குற சின்ன ஷாக்) மாத்துறாங்க. டேம்பர் அந்த ஆட்டத்த மூடி மறைக்கத் தான் செய்யும். பேன்ஹார்டு ராடு புஷ், அதோட பிராக்கெட் போல்ட் ஓட்டை ஓவலா போயிருக்கா, டிராக் லிங்க், டை ராடு, டயர் பேலன்ஸ், கேஸ்டர், இத முதல்ல பாருங்க. லிஃப்ட் பண்ண (உயரம் ஏத்துன) வண்டில கேஸ்டர் குறைஞ்சிருக்கும், நெடுஞ்சாலைல அலையுறதுக்கு அதுவும் காரணம்.

ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்க்ரூவ கடைசியா தொடுங்க

பாக்ஸ் மேல லாக் நட்டோட ஒரு அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கும். ஆட்டம் இருக்குன்னா அத இறுக்கிடலாம்னு கை ஊறும். மத்த எல்லா ஜாயின்டும் சரின்னு உறுதியான பிறகு, மேனுவல் முறைப்படி, கொஞ்சமா மட்டும். அதிகமா இறுக்குனா ஸ்டியரிங் நடுவுல பிடிச்சுக்கும், திருப்பம் முடிஞ்சதும் தானா நேரா வராது, உள்ள கியர் சீக்கிரம் தேயும். ஸ்டியரிங் வளையத்துல சக்கரம் அசையாம 30 மில்லிமீட்டருக்குள்ள ஆட்டம் இருந்தா நிறைய மேனுவல் அத ஏத்துக்கும், பூஜ்யம் ஆக்கணும்னு பாடுபடாதீங்க.

இடையில உள்ள ஷாஃப்ட கழட்ட வேண்டி வந்தா ஸ்டியரிங் வளையத்த சீட் பெல்ட்ல கட்டி வைங்க, அது இஷ்டத்துக்கு சுத்துனா ஏர்பேக்குக்கு போற சுருள் ஒயர் அறுந்திடும்.

பவர் ஸ்டியரிங்குக்கு ஏடிஎஃப்பா (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தனி பவர் ஸ்டியரிங் ஆயிலான்னு பாத்து அதையே ஊத்துங்க. காத்து எடுக்க முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி, இஞ்சின் ஓடாம ஸ்டியரிங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா பல தடவ திருப்புங்க, அளவு குறைய குறைய ஊத்துங்க, அப்புறம் தான் ஸ்டார்ட் பண்ணணும். ஆயில்ல நுரை இருந்தா நிறுத்தி அடங்க விடுங்க.

டோ அளக்குறது

முன் டயர் ரெண்டுலயும் நடுவுல ஒரு மெல்லிசு கோடு போடுங்க, சக்கரத்த சுத்த விட்டு ஆணி நுனியால கீறுனா நேரா வரும். இறக்கி, கொஞ்சம் முன்னாடி உருட்டி நிறுத்தி, டயரோட பின்பக்கம் ஹப் உயரத்துல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல டேப்பால அளந்து அந்த இடத்த சாக்பீஸ்ல மார்க் பண்ணுங்க, அப்புறம் அதே மார்க் முன்பக்கம் வர்ற வரைக்கும் வண்டிய முன்னாடி உருட்டி திரும்ப அளங்க. ரிம் கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் கணக்குல வராது. முன்பக்கம் குறைவா இருந்தா டோ இன். எவ்வளவு வேணும்னு மேனுவல் சொல்லும், பொதுவா ரொம்ப சின்ன அளவு தான். இது அலைன்மென்ட் மெஷினுக்கு மாத்து இல்ல, அங்க ஓட்டிட்டு போற வரைக்கும் டயர காப்பாத்துறதுக்கு. மெஷின்லயும் கேஸ்டர், கேம்பர் முதல்ல, டோ கடைசில, ஏன்னா முன்னது மாறுனா பின்னது மாறிடும்.

ஒரு 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடுனதும் வீல் நட்டு, லீஃப் ஸ்ப்ரிங்கோட யூ போல்ட் (இது பிரிச்சா எப்பவும் புதுசு தான் போடணும்), ஷாக் போல்ட் எல்லாத்தையும் திரும்ப டார்க் ரெஞ்ச்ல பாருங்க, பூட் எதுலயாவது கிரீஸ் வெளிய வருதான்னும் பாருங்க. வண்டி நேரா போகுது ஆனா ஸ்டியரிங் மட்டும் கோணலா நிக்குதுன்னா வளையத்த புடுங்கி நேரா மாட்டாதீங்க, ரேக் வண்டில ஒரு பக்க டை ராட நீட்டுன அளவுக்கே மறுபக்கத்த குறைக்கணும், டை ராடு தனியா டிராக் லிங்க் தனியா இருக்கிற சாலிட் ஆக்சில் வண்டில டிராக் லிங்க் நீளத்த மட்டும் மாத்துனா போதும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிற வண்டில அதுக்கப்புறமும் டேஷ்ல லைட்டு எரிஞ்சா ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார ஸ்கேனர்ல ஜீரோ பண்ணணும், அலைன்மென்ட் பண்ற இடத்துலயே கேட்டா பண்ணிக் குடுப்பாங்க.